கருகிய பிளேட்

வியாழன், இரவு.

எத்தனை முறை சோப்புப் போட்டும் கையிலிருந்து கருகிய ஆயிலின் நாற்றம் போகவில்லை. சாப்பாட்டை ஸ்பூனில்தான் சாப்பிட்டேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அடையாறிலிருந்து வந்த கஸ்டமர் அம்மாவுடைய காரின் நாற்றம் இல்லை இது. அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்தவன் நான்தான். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் வயதாகித் தேய்ந்திருந்தன, ஒன்றுகூடக் கருகவில்லை. புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து அடுக்கி முடித்தேன். நல்ல வேலை. உள்ளதைச் சொல்லியே வண்டியைக் கொடுத்திருக்கலாம்.

என் பார்ட்னர் பாஸ்கர் கேட்கவில்லை. "தேஞ்சி போச்சின்னா யாரு நம்புவா? பழைய பிளேட்ட பாத்தா நல்லாத்தானே கீது" என்று அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்தான். எப்போதோ வேறு வண்டியில் கழற்றிய, கரியாகிப்போன பிளேட்டுகள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்கிற கஸ்டமர் எல்லோருக்கும் அதைத்தான் காட்டுகிறான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்றை என் கையில் திணித்து, அந்த அம்மாவிடம் நீட்டவும் வைத்தான்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் டிரைவர் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார். "வண்டிய இப்படியா எரிப்பே? நாளைலேர்ந்து வராதே."

பாஸ்கர் பில்லை நீட்டினான். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் பையை முடிச்சுப் போட்டு மறுபடியும் அலமாரியில் வைத்தான். தூ.

அந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஏழுமலை என்னிடம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன்.

"இன்னா தப்பா ஓட்டனேன்னு சொல்லுண்ணே. அடுத்து போற எடத்துலயாவது எரிக்காம ஓட்டறேன்" என்றான்.