ரத்த உறவா? இல்லை

12 செப். 2006, செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. நாரணாபுரத்தில் ஒன்பது வீடு முடிந்தது. எலும்பு உளுத்துப்போய் சின்ன வயதிலேயே முறிகிற குடும்பங்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டரம்மா ரத்தம் எடுக்கிறார், நான் படிவம் எழுதுகிறேன். எந்த ஜீனால் வருகிறது என்று தேடுகிறார்களாம். "ஊசி குத்தினா எலும்பு ஒட்டிருமாத்தா?" என்று ஒரு அக்கா.

பத்தாவது படிவம் எங்கள் வீடு. மகள் செல்விக்குப் பதினொரு வயது, மூன்று முறிவு. போன வருடம் தொடை, செருப்பு மாட்டக் குனிந்தபோது. காரணம் தெரிந்தால் மருந்தும் வரும். அந்த ஆசையில்தான் இந்த வேலைக்கே சேர்ந்தேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், செல்விக்கு ரிப்பன்.

14, வியாழன்
டாக்டரம்மா படிவங்களைப் புரட்டினார். "புருஷன் பொண்டாட்டி ரத்த உறவாங்கற இடத்துல எல்லாம் இல்லைன்னே போட்டிருக்கீங்களே?"

"பங்காளிதான மேடம் ரத்தம்? அதுக்குள்ள யாரும் கட்ட மாட்டாக. இவுக எல்லாம் அத்தை மகன், தாய்மாமன். முறைதான்."

பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர்?"

"எங்கம்மாவோட தம்பி."

அதுவும் ரத்தம்தானாம். ஒரே பழுது இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இருந்து, பிள்ளையிடம் சேர்ந்துவிடலாமாம். "இதுதான் காரணம்னு இன்னும் சொல்ல முடியாது. அதைத்தான் தேடறோம்" என்றார், மெதுவாக.

பத்துப் படிவத்திலும் என் கையெழுத்து. பன்னிரண்டு வரை படித்த மூதேவி. கட்டினால் மாமாவைத்தான் கட்டுவேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவளும் நான்தான்.

15, வெள்ளி
மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து, கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப எம்புள்ள எலும்ப நாந்தான் ஒடைச்சேனா, முத்து?"

"நீங்க மட்டுமா மாமா, நானுந்தான்..." கை சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். சோறு அப்படியே இருக்கிறது.

18, திங்கள்
தூறல். தினமும் மாமாதான் செல்வியைப் பள்ளிக்கூட வேன் வரைக்கும் தூக்கிப்போவார். இன்று வாசலில் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அப்பா, தூக்குப்பா."

"நீ தூக்கு, முத்து." சொல்லிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா?"

இல்லை என்றேன். தூக்கினேன். பதினொரு வயதுப் பிள்ளை. கனக்கவே இல்லை.