நீ பார்த்த பேசும்படம்

ஸ்டேஷனுக்குக் கீழே மறுபடியும் படக்கூடாரம் அடித்திருக்கிறார்கள். இன்று காலையில் துணிக்கடையைத் திறந்ததுமே நனைந்த கித்தான் வாடை உள்ளே வந்துவிட்டது. ஹட்டன் மழையில் அது லேசில் போகாது. உனக்கு உலகத்திலேயே பிடித்த வாசனை அதுதான். நான் இன்று ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இந்தப் பாழாய்ப்போன கூடாரம் மட்டும் தவறாமல் வருகிறது.

தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் இலை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று உன் காது போயிற்று. உன்னை "டமாரம்" என்று முதலில் கூப்பிட்டவன் நான்தான். என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு முறைப்பாய். ஊமைப் படம் ஓடிய காலத்தில் அது உனக்கு ஒரு குறையே இல்லை. கூடாரத்துக்குள் எல்லோரும் உன்னைப் போலத்தானே உட்கார்ந்திருந்தார்கள்.

சம்பள ஞாயிறுகளில் படம் விட்டு நடக்கும்போதெல்லாம் நமக்குச் சண்டைதான். எனக்குப் பிடித்தது புலியோடு கட்டிப் புரளும் தடியன். உனக்கு மதிலிலிருந்து குதிக்கும் அரசகுமாரி.

"குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பாத்தா பாரு, அதுக்கு உன் புலி உறை போடக் காணுமாடா?" என்பாய்.

தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் போனதும் படம் பார்க்க வராதவர்களையெல்லாம் உட்காரவைத்து, அவள் பேசியதாக நீயே வசனம் பேசிக் கதை சொல்வாய். விடிந்தால் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு, பிறகு ஸ்டோர் என்று கிடந்த உன்னை அந்த ஒரு பொழுதில்தான் நாலு பேர் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அப்புறம் பேசும்படம் வந்தது. பாட்டைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ பக்கத்தில் கல்லாகச் சமைந்திருந்தாய். மனசு கேட்காமல் உன் காதில் ஒவ்வொன்றாகக் கத்தினேன். "யோவ், படத்தக் கேக்க விடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஏசியதும் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

வெளியே பனியில் நின்றுகொண்டு நீ சொன்னாய்: "அவங்களே பேசிக்கிறாங்கடா. இனிமே படத்துக்கு நான் எதுக்கு?"

உனக்கென்று இருந்த அந்த ஒன்றும் உன் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நீ லேசுப்பட்டவனா? மறுநாளே முகங்களை மட்டும் வைத்து லயத்தில் கதை சொல்லிவிட்டாய். பெண்கள் அழுது தீர்த்தார்களாம். அடுத்த சம்பளத்துக்கு அவர்களே கூடாரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கொதித்துப்போய் என் கடைக்கு வந்தார்கள்.

"என்னாண்ணே அநியாயம் இது! மகன் நாட்ட விட்டுப் போறான். ஒரு வாய் தின்னுட்டுப் போப்பான்னு அந்தத் தாய் கெஞ்சணும்ல? இந்தப் பொம்பள கைய ஆட்டி ஆட்டிப் பாட்டுப் பாடுது! படம் புடிச்சவங்க தப்பாப் புடிச்சிட்டாங்க!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை.

"பாட்டா பாடுனா?" என்று என் உதட்டையே மறுபடி பார்த்தாய். "பெத்தவ மூஞ்சிடா அது. அந்த நேரத்துல எவளாச்சும் பாடுவாளா?"

"பாடுனாதான்டா படம் ஓடும்," என்றேன்.

"ஓடட்டும். ஆனா அது பொய்."

அன்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு இல்லாத படம் உப்பில்லாத கறி என்றேன். இந்தச் சண்டை இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும் என்று நினைத்திருந்தேன். மழை பிடித்தது, உனக்கு மார்ச்சளி கண்டது. எனக்குச் செய்தி வந்தபோது உன்னைத் தேயிலைக்கு நடுவே புதைத்தே விட்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் படத்துக்கே போகவில்லை. போய்விட்டு வந்து யாரோடு சண்டை போடுவது?

இன்று சாயங்காலம் கால் தானாக அங்கே போய்விட்டது. அதே படம்தான். மகன் வாசலைத் தாண்டினான். அவள் வாயைத் திறக்கப் போகும்போது என் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டி ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவள் பாடவில்லையடா. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பாடவே இல்லை.