மழைத் தண்ணி கரிக்குமா?

இன்று காலை புது எண்ணெய் கேனின் மூடியைத் திருகியதும் அந்த வாசனை வந்தது. செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்று நீ சொல்வாயே, அதே வாசனை. மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடக்கின்றன. பக்கத்துப் படகில் பெயின்ட் அடிக்கிறார்கள். நான் நம் படகின் எஞ்சின் குழிக்குள் குந்தியிருந்தேன், கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்ற. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. மேலிருந்து எட்டிப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கை வேலை செய்துகொண்டே இருக்க, மனம் உன்னிடம் பேசத் தொடங்கிவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் நீ பேக்கிங் வேலையில் இருந்தாய். பெல்ட் ஏன் இந்தப் பக்கமாகவே ஓடுகிறது, இந்தச் சக்கரம் நின்றால் எது நிற்கும் என்று மிஷின்காரரைத் துளைத்தெடுத்ததில், கடைசியில் உன்னை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இதை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அப்போது புரியவில்லை. எண்ணூர் பக்கம் கியர் நழுவிய அந்த வருஷம்தான் புரிந்தது.

வஞ்சிரம் நன்றாகப் பட்ட சமயம் அது. கரைக்குத் திரும்பும்போது எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவே இல்லை. துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதன் வழியில் கிடந்தோம். துண்டைச் சுழற்றிக் கத்தினோம். நல்ல வேளை, தெரிந்த படகு ஒன்று வந்து கயிறு போட்டு இழுத்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். கியர் பெட்டியையே கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும், பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார். அதற்குள் மீன் விலகிப் போய்விடும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சோற்றுத் தூக்கோடு நீ வந்தாய். நேராகக் கியர் பெட்டியின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவினாய்.

"இன்னாய்யா இது, டீ மாதிரி கீது? செவப்பாத்தானே ஊத்துன?"

"மழத் தண்ணி எறங்கிக்கும் அண்ணி. பழைய மூடி" என்றார் மெக்கானிக்.

நீ கம்பியின் நுனியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாய். காறித் துப்பினாய். நான் பதறிப்போனேன்.

"மழத் தண்ணி கரிக்குமாண்ணே?"

அவர் தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

கரித்தால் கடல் தண்ணீர். சரி, கடல் தண்ணீர் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கெல்லாம் ஓடுகிறது? விடாமல் கேட்டாய். எண்ணெயின் சூட்டைத் தணிக்கிற கூலர், முழங்கை நீளப் பித்தளைக் குழாய், அதற்குள்தான் எண்ணெயும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. கழற்றினோம். ஒரு வாயைக் கட்டையால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தாய், பஞ்சர் பார்ப்பதுபோல. குமிழி குமிழியாக வந்தது. ஊசி முனை அளவு ஓட்டை.

ராயபுரத்தில் அதைப் பற்றவைத்து வாங்கிவந்தேன். மெக்கானிக், "எண்ணெய மாத்திப் பாருங்க, அப்பவும் நழுவுனா கழட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு படகுக்குப் போனார். எண்ணெயை வடிக்கப் பெட்டியின் அடியில் இருக்கிற நட்டுக்குக் கை எட்டாது. நீ யானைக்கவுனிவரை போய் மெல்லிய ட்யூப் வாங்கிவந்தாய். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கி, அளவுக் கம்பியின் துளை வழியே கைப்பம்பால் உறிஞ்சி எடுத்தோம். சல்லடையைக் கழுவிப் போட்டு, புது எண்ணெய் ஊற்றினோம். எஞ்சினை ஓட்டி, முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்த்து, நிறுத்திவிட்டு அளவு பார்த்தால் இறங்கியிருந்தது.

"ஊத்துனது எங்கய்யா பூடுச்சு?"

இருபது வருஷம் படகு ஓட்டியவன், எனக்குத் தெரியவில்லை. நீயே குழாயைத் தடவிக்கொண்டே போய்க் கூலர்மேல் கை வைத்தாய். "இதுக்குள்ள பூந்துக்குது." குறைந்ததை ஊற்றி நிரப்பினோம்.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு உறிஞ்சினால், அந்த எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வெளியே வந்தது. உள்ளே ஒட்டியிருந்த தண்ணீர் இன்னும் போகவில்லை. மறுபடி மாற்றினோம். மூன்றாவது முறை கம்பியில் கண்ணாடி மாதிரிச் சிவப்பு. மறுநாள் விடிந்ததும் படகு புறப்பட்டது. கியர் விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ கரையில் நின்று கை தட்டினாய்.

அதற்குப் பிறகு மெக்கானிக் அண்ணன் எந்தப் படகைத் திறந்தாலும், "அண்ணியக் கூப்புடு, ஒரு சொட்டு நக்கிப் பாக்கச் சொல்லு" என்பார். கிண்டல்தான். ஆனால் இரண்டு தடவை நிஜமாகவே கூப்பிட்டார்.

இதுவரை எழுதியது சுலபம். உனக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது நான் நடந்துகொண்டதுதான் எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நீ, "காலுல ஏன் தண்ணி நிக்குது? எங்கருந்து வருது?" என்று கேட்டாய். பின்னால் நீண்ட வரிசை. நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரு மே, அவர பேஜாரு பண்ணாத." ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்னவென்று கேட்கவில்லை. வரிசை ஒரு சாக்கு. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

வீட்டுக்கு வந்து நீ கத்தவில்லை. "யோவ், ஒடம்பு என்னுது. எனக்கு இன்னான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாய், அவ்வளவுதான்.

மறுநாள் தனியாகப் போய் டாக்டர் சாப்பிடக் கிளம்பும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் கேட்டேன். சிறுநீரகம் எப்படி வடிகட்டும், உனக்கு எவ்வளவு மிச்சம், எத்தனை நாள். திரும்பி வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வேலையில் இருந்தபோது மிஷின்காரரிடம் எப்படிக் கேட்டிருப்பாயோ, அப்படியே குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். கடைசியில், "அப்போ வடிகட்டிதான் அடச்சிக்கிது. சரி, ஒரு டீ போடுய்யா" என்றாய். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாய். அந்த எட்டு மாதமும் என்னைவிடத் தைரியமாக இருந்தாய்.

போன வாரம் எனக்குக் கால் மரத்துப்போகிறதென்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதனால், எப்போதிலிருந்து, இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட வந்த நர்சம்மா, "இன்னா பெரியவரே, இத்தினி கேள்வி கேக்குற?" என்றார்.

"வூட்ல போய்ச் சொல்லணும்மா" என்றேன்.

சர்க்கரை ஏறியிருக்கிறதாம். நரம்பில் அதனால்தான் மரப்பு. மாத்திரை தந்திருக்கிறார்கள், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஏன் இரண்டு வேளை என்றும் கேட்டுவிட்டேன்.