பதினேழு வீட்டுப் படம்

ஏப்ரல் 9
கத்தாரிலிருந்து என் கணவர் ஜெனோ அனுப்பிய போன் வந்த பிறகு ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. இன்று தேவாலயப் பங்குப் பேரவைச் செயலர் சிலுவைமுத்து அண்ணன் வீடு தேடி வந்தார். கடல் தடுப்புச் சுவர் கேட்டு மனு போடுகிறார்களாம். கரையோர வீடுகளெல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டுமாம்.
"நம்ம இனயம் ஊர்ல உனக்க போன்தான் பெருசு, ஜெமி."
என் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொய் பேசாத மனிதர்.

ஏப்ரல் 10
காலை ஏழு மணிக்கு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கற்குவியலின் மேல் நின்று பனோரமா எடுத்தேன். கையை நீட்டி, வாரியலால் முற்றம் பெருக்குவது போல ஒரே வீச்சு. தெரு வாழைப்பழமாக வளைந்துவிட்டது. சூரியன் வீடுகளுக்குப் பின்னால் இருந்ததால் எல்லா வீடும் கரிக்கட்டை. குறுக்கே ஓடிய நாய்க்கு ஆறு கால்.

ஏப்ரல் 12
மறுபடியும். வளைவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் அடுத்த தெரு யோவான் மாமா, படத்தில் விழ வேண்டும் என்ற ஆசையில், போன் திரும்பிய பக்கமெல்லாம் கூடவே நடந்திருக்கிறார். மூன்று வாசலில் மூன்று யோவான். அண்ணன் கவனிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அரசு அலுவலகத்தில் கேட்டார்களாம்: "கூட்டம் காட்ட ஒரே ஆளை வெட்டி ஒட்டியிருக்கீங்களா?"
கடல் வீட்டுக்குள் வருவது கண்ணில் படாதவர்களுக்கு மாமா மட்டும் மூன்று முறை பட்டிருக்கிறார்.

ஏப்ரல் 15
ஜெனோ அங்கே கட்டடங்களைப் படமெடுத்து கம்பெனிக்கு அனுப்புகிறவர். வீடியோ காலில் கேட்டேன்.
"போனை நிமித்திப் பிடி. முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி இருக்கணும். கையை வீசாத, பாதத்தை மாத்தி மாத்தி வச்சு உடம்போட திரும்பு. திரையில தெரியுத ஒரு சுவர்மேல விரலை அழுத்திப் பிடிச்சுட்டு தொடங்கினா வெளிச்சம் மாறாது. சாயங்காலம் எடு, வெயில் உனக்க முதுகுல இருக்கணும்."
பதினான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் முறை.

ஏப்ரல் 16
மாலை நாலரை. வீடுகளின் முகத்தில் நல்ல வெயில். யோவான் மாமாவை, கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தில் உட்கார வைத்து, அசையக் கூடாது என்றேன். மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திரையில் அம்புக்குறி கோட்டை விட்டு இறங்காமல், மெதுவாக, வீடு வீடாகத் திரும்பினேன். பதினேழாவது வீடு எங்களுடையது. அங்கே நிறுத்தினேன்.
அதற்கப்புறமும் மூன்று வீடுகள் உண்டு. அதில் முதல் வீடு ஸ்மிதாவுடையது. ஜெனோவின் தம்பி மனைவி. பொதுக்குழாயில் என் குடத்தைத் தூக்கி வீசியவள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கலைதானே?
அருமையான படம்.

ஜூன் 3
சுவருக்கு அனுமதி வந்துவிட்டது. படம்தான் பேசியதாம். ஊர்க் கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். பிறகு அண்ணன் உத்தரவை வாசித்தார்: 'இணைப்புப் படத்தில் காணும் பதினேழு வீடுகளுக்கு.' நேரில் வந்து எண்ண யாருக்கும் நேரமில்லை. என் படத்தை வைத்து எண்ணியிருக்கிறார்கள்.
"மிச்சம் மூணு வீடு எங்க போச்சு மக்ளே?"
"போன் அதுக்கு மேல திரும்பல அண்ணே."
சொல்லிவிட்டேன். என்ன வாய் இது — போனுக்கும் ஸ்மிதாவுக்கும் குழாயடியிலா சண்டை?

ஜூன் 4
சோறு இறங்கவில்லை.

ஜூன் 5
ஸ்மிதா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான்தான் நிறுத்தினேன், வேண்டுமென்றே நிறுத்தினேன் என்று சொன்னேன்.
"தெரியும். ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். ஒவ்வொரு வீடா திரும்பி வந்தீங்க. எனக்க வீடு வந்ததும் கையை எறக்கினீங்க."
"பின்ன ஏன்டி கேக்கல?"
"உங்ககிட்ட கேக்கதுக்கு கடல்கிட்ட கேக்கலாம், அக்கா."
எனக்கு மட்டும்தான் இப்படிப் பேச வரும் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 6
இருபது வீட்டையும் எடுத்தேன். ஸ்மிதா தன் வாசலில் நின்றாள். அசையவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஜூன் 9
அண்ணனோடு நானும் அலுவலகம் போனேன். படத்தைப் பாதியில் நிறுத்தியது நான்தான், வீடுகள் இருபது என்று எழுதிக் கொடுத்தேன். "திருத்த நாளாகுமே" என்றார் அங்கிருந்தவர். கடலிடம் சொல்லிவிடுகிறேன் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். முதல் முறை.

ஜூன் 28
மதியம் கடல் ஏறியது. ஸ்மிதாவின் முன்னறைச் சுவர் அப்படியே சரிந்தது. அவள் கணவன் டிஜோ மஸ்கட்டில். அலமாரியை நானும் அவளும்தான் தூக்கினோம். கட்டில் போய்விட்டது. அவள் அழவில்லை. நான்தான்... எதற்கு அழுதேன்? அவளுக்கா, எனக்கா?

ஜூலை 11
திருத்திய உத்தரவு வந்தது. இருபது வீடுகள். முதல் லாரி கல் இன்று இறங்கியது. மிச்சச் சுவர்களையும் கடல் கொண்டுபோய்விட்டது; பதினெட்டாவது வீடு இப்போது படத்தில் மட்டும்தான் இருக்கிறது.
ஸ்மிதா எங்கள் வீட்டுக்கு வந்து பதின்மூன்று நாள். என் மீன் குழம்பில் புளி கூடுதலாம், இதைத் தின்றுதான் ஜெனோ அண்ணன் கத்தாருக்கு ஓடினாராம். நாளை அவளே வைக்கிறாளாம்.
தேங்காயைத் துருவி வைத்துவிட்டேன்.