சீட்டின் பின்பக்கம் இருந்த மூன்று வரி

என் பிரியமான மாப்பிள்ளை கருப்பையாவுக்கு,

இது என் கையெழுத்துத்தான். நம்ப மாட்டாய். நீ போய் மூன்று வருடம் கழித்து, இந்த வயதில், முதியோர் பள்ளியில் சேர்ந்தேன். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அடித்தல் இரண்டுதான்.

படிக்க வந்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தீப்பெட்டி, சோப்பு உறை, பஞ்சாயத்து ரேடியோவில் ஒட்டிய காகிதம், எதையும் விடவில்லை. கீரனூர் பஸ்ஸில் "புகை பிடிக்காதீர்" என்று சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் பீடியை அணைத்துவிட்டு, "அணைச்சுட்டேங்க, அதுக்காக இப்படியா கத்துவீங்க?" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இறங்கியதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கினேன். யாரிடம் சொல்ல?

கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்ட, நீ அங்கிட்டும் நான் இங்கிட்டுமாக நின்றோம். இப்போது இரண்டு பக்கமும் நானே சுற்றி வருகிறேன்.

உனக்கு இழுப்பு வந்த வருடம் டவுன் டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை நினைவிருக்கிறதா? மூன்றாம் நாளே மூச்சு சீராகிவிட்டது. முகம் உருண்டு, கன்னம் பளபளவென்று வந்தது. "என்ன மாப்ள, மறுபடி பொண்ணு பாக்கப் போறியா?" என்று நான் கேட்டேன். "ஒன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு மச்சான்" என்றாய். ஊரே உனக்குச் சதை போட்டுவிட்டது என்று மகிழ்ந்தது. அது வீக்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாத்திரை தீரும்போதெல்லாம் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு நான்தான் பஸ் ஏறினேன். மருந்துக்கடையில் நீட்டுவேன், கொடுப்பார்கள். ஆறு மாதம் அப்படியே போனது. பிறகு உனக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இருமினால் ரத்தம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் சளியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"சளியில புழு நெளியுது பெரியவரே. ஈர மண்ணுல இருந்து உள்ளங்கால் வழியா ஏறுற புழு. வேலை செய்யும்போது செருப்புப் போட மாட்டீங்களா?"

"கொடிக்காலுக்குள்ள செருப்பாங்க? அது சாமி இருக்கிற எடமுல்ல?"

நாம் வெளிக்கு ஒதுங்குவதும் அதே கொடிக்கால் வாய்க்கால் ஓரத்தில்தானே என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"புழு பல வருசமா குடல்ல அடங்கிக் கெடந்திருக்கும். ஒடம்புல ஒரு காவல் இருக்கு, அது அடக்கி வச்சிருந்துச்சு. இந்த மாத்திரை இழுப்பையும் அடக்கும், அந்தக் காவலையும் அடக்கிப்புடும். எத்தனை நாளாச் சாப்பிடுறாரு?"

"ஆறு மாசமுங்க."

ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். அதே மண்ணை நானும்தான் மிதித்தேன். என் உடம்பிலும் அது படுத்துக் கிடக்கிறதோ என்னவோ.

போன வெள்ளிக்கிழமை டிரங்குப் பெட்டியைத் துழாவியபோது அந்தச் சீட்டு கிடைத்தது. ஆகா, படிக்க இன்னொன்று என்று ஆசையாக எடுத்தேன். முன்பக்கம் இங்கிலீஷ். பின்பக்கம் தமிழில் மூன்று வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"பத்து நாளுக்கு மேல் சாப்பிடக் கூடாது. பிறகு நேரில் வரவும். மலம் சோதிக்க வேண்டும்."

மூன்று முறை படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். ஏன் மாப்பிள்ளை, ஒருவரிடமாவது இதைக் காட்டிக் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? மூச்சு சீரானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எப்படி இருந்தேன்?

என் தங்கச்சி செல்லாயி இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாள்: "எங்கண்ணன் மட்டும் அலைஞ்சு மாத்திரை வாங்கியாரலேன்னா, அவுக அந்த ஆறு மாசங்கூட இருந்திருக்க மாட்டாக." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். எனக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நாளைக்கு நான் பேசுவதற்கு ஓர் ஆள் கிடையாது. அந்தப் பயத்தில் ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

வாத்தியார் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்பலாம், நாலு பேர் படித்தால் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்கிறார். அனுப்பட்டும். ஆனால் செல்லாயிக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியக் கூடாது.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்குக் காலையில், அவள் சோறு போடுவதற்கு முன்னால், இதை அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டுவேன். அந்த மூன்று வரியையும் விடாமல் படிப்பேன். அதன் பிறகு தட்டு வைப்பதும் வைக்காததும் அவள் இஷ்டம்.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்ற நினைக்காத,
உன் பெண்சாதியுடன் கூடப்பிறந்த மச்சான்,
சின்னையா