நான்காம் எண் ரத்தம்

மார்ச் 4

மூக்கின் பின்புறம் வரும் புற்றுநோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் எங்கள் சோதனை மறுபடி சொதப்பிவிட்டது. இந்த நோயின் பின்னால் இருக்கும் வைரஸ் தன் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் குட்டி மரபுத் துணுக்குகளை ஏவி, செல்லைக் காவல் காக்கும் மரபணுக்களின் வாயை அடைக்கிறது. சாகவேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. நோயாளிகளின் ரத்தத்தில் அந்தத் துணுக்குகள் ஏராளம். ஆரோக்கியமான ஐந்து பேரிடம் பேருக்குத்தான் இருக்கவேண்டும். அவர்களில் நான்காம் எண் குழாயில் மட்டும் கொட்டிக் கிடக்கிறது!

பேராசிரியர் வரைபடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உன் கைதாம்மா சுத்தமில்ல. எதையோ கலந்துட்டே."

மார்ச் 6

புதுக் கையுறை, புது நீர். அதே நான்காம் எண்.

மார்ச் 7

வீட்டில் புலம்பினேன். "ஒழுங்கா கை கழுவினியா?" என்றார் கணவர். இவருமா?

மார்ச் 10

"கட்டுரைல உன் பேர் வேணுமான்னு யோசிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் பேராசிரியர். மூன்று மாதமாக ஒரு காது அடைத்திருப்பதால் அவர் குரல் சற்றுப் பெரிது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 11

ஆரோக்கியமான ரத்தத்துக்கு நாங்கள் வெளியே அலைவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களே கையை நீட்டிவிடுவோம். இந்த முறை நான் மட்டும் நழுவிவிட்டேன். குழாயில் எண்தான் இருக்கும், பெயர் நோட்டில். யாரையாவது மாட்டிவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன்.

நான்காம் எண் — பேராசிரியர்.

சிரித்துவிட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அந்த அடைத்த காது உறைத்தது. இந்த நோய் பல பேருக்கு அப்படித்தான் தொடங்கும். ஐயோ, என்ன பொம்பள நான்?

மார்ச் 12

"சார், நான் எதையும் கலக்கல. நாலாவது நீங்க."

வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தார்.

"எத்தனை தடவ சோதனைய ஓட்டுன?"

"ஏழு."

"ஏழும் ஒத்துப்போச்சா?"

"ஆமா சார்."

"அப்ப நம்ம சோதனை வேலை செய்யுது" என்றார். அவர் முகத்தில் இருந்தது பெருமையா, பயமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 26

காது மூக்கு தொண்டை மருத்துவர் உறுதி செய்துவிட்டார். ஆரம்பக் கட்டம். பிழைத்துக்கொள்வாராம். கழிவறையில் போய் அழுதேன்.

ஜூன் 2

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து பேராசிரியர் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டார். தொண்டை கம்மியிருந்தது, அதிகாரம் கம்மவில்லை. "நாலாவத நோயாளிங்க பட்டியல்ல போடு. நல்ல ஆள் ஒண்ணு குறையுதில்ல, உன் ரத்தத்த எடுத்துக்க. உன் பேரைத்தான் கட்டுரைல முதல்ல போடறேன்."

ஜூன் 5

என் ரத்தத்தை எடுத்து மூன்று நாளாகிறது. இயந்திரம் காலியாகத்தான் இருக்கிறது. இன்றும் நான் ஓட்டவில்லை.