மனோ இறந்த திகதி

14 நவம்பர் 1991, வியாழன்

இன்று என் இரண்டாவது மனைவி மரிசெல் இங்கே தங்குவதற்கான விசா விஷயமாகச் சட்டத்தரணியிடம் போனோம். என் முதல் மனைவி மனோ இறந்த திகதியைப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். மன்னாரில் இந்தியாவுக்குப் படகேறியவள் கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இறந்துவிட்டாள் என்று ஆறு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

"திகதி போடாமல் அனுப்பேலாது அண்ணை. பிறகு இவவைப் பிலிப்பீன்சுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றார் சட்டத்தரணி.

மனோ படகேறிய நாளையே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

செவன் கிங்ஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மரிசெல் மெதுவாகக் கேட்டாள்: "அவள் ஒருநாள் வந்து கதவைத் தட்டினால்?"

ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அதை என் முகத்தில் மரிசெல் கண்டுவிட்டாள்.

சாப்பாடு போட்டுத் தந்தாள். தனக்குப் போடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.